சேமிப்பும் பதுக்கலும்: யோசேப்பின் களஞ்சியமும் நம் வீட்டு அரிசிப் பானையும்

அன்றாட உணவை இன்று தாரும் என்று நாள்தோறும் விண்ணகத் தந்தையிடம் கேட்கிறோம். அப்படிக் கேட்பவர்கள் இரண்டு வாரத்துக்கு அரிசி வாங்கி வீட்டில் வைக்கலாமா? நாளையைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று ஆண்டவர் மலைப்பொழிவில் சொல்லியிருக்க, மூட்டை கட்டி வைப்பது விசுவாசக் குறைவு ஆகாதா? அன்பியக் கூட்டங்களில், அதுவும் புயல் எச்சரிக்கை வருகின்ற ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், இந்தக் கேள்வி எழுவதுண்டு. நல்ல கேள்விதான். சிரித்து ஒதுக்கிவிடாமல் விவிலியத்தின் ஒளியில் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

விவிலியத்தில் இரண்டு களஞ்சியங்கள் இருக்கின்றன. ஒன்று எகிப்தில் யோசேப்பு கட்டியது (தொநூ 41). மற்றது லூக்கா நற்செய்தியில் வருகிற அறிவற்ற செல்வன் கட்ட நினைத்தது (லூக் 12:16-21). இரண்டிலும் தானியம்தான் இருக்கிறது; இரண்டும் நல்ல விளைச்சல் காலத்தில் திட்டமிடப்பட்டவைதாம். ஆனால் ஒன்றைக் கடவுளின் ஞானம் என்கிறது மறைநூல். மற்றதை அறிவின்மை என்கிறது. ஏன் இந்த வேறுபாடு? செல்வன் பேசுவதைக் கவனியுங்கள். அவன் யாரோடும் கலந்து பேசவில்லை, தன் நெஞ்சோடு மட்டுமே பேசுகிறான். என் விளைச்சல், என் களஞ்சியம், என் தானியம் என்று எல்லாமே அவனுக்கு ‘என்’தான். அவனுடைய கணக்கில் இரண்டாவது ஆள் இல்லை. யோசேப்பின் கணக்கிலோ ஒரு நாடே இருந்தது. பிறகு அந்நிய நாட்டிலிருந்து பசியோடு வந்தவர்களும், தன்னைக் குழியில் தள்ளி விற்றுவிட்ட சொந்தச் சகோதரர்களும்கூட அதில் சேர்ந்தார்கள்.

ஆக, சேர்த்து வைப்பது பாவமன்று. யாருக்காகச் சேர்க்கிறோம், எப்போது சேர்க்கிறோம் என்பவைதாம் கேள்வி. இந்த ‘எப்போது’ என்பதற்கு நாம் போதிய கவனம் தருவதில்லை என்று தோன்றுகிறது. யோசேப்பு ஏழு வளமான ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்தார். பஞ்சம் தொடங்கிய பிறகு சந்தைக்கு ஓடி, பக்கத்து வீட்டுக்காரருக்கு முன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. நிறைய இருக்கும்போது சிறிது சிறிதாக எடுத்து வைப்பது சேமிப்பு. குறையும்போது அள்ளிக்கொள்வது பதுக்கல். பொருள் ஒன்றுதான், நாள்தான் வேறு.

இன்னொரு நுணுக்கமும் அந்த அதிகாரத்தில் உண்டு. ஒவ்வொரு நகரையும் சுற்றியிருந்த வயல்களின் தானியத்தை யோசேப்பு அந்தந்த நகரிலேயே சேர்த்து வைத்தார் (தொநூ 41:48). எல்லாவற்றையும் தலைநகருக்கு அள்ளிச் செல்லவில்லை. பசி வரும் இடத்துக்கு அருகிலேயே உணவு இருக்க வேண்டும் என்பது இன்று நிர்வாகம் படித்தவர்களும் சொல்கிற பாடம். நம் ஊர் நியாயவிலைக் கடைகளுக்குப் பின்னால் இருப்பதும் இதே எண்ணம்தான்.

அரசு தயாராக இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்கு நம் முன்னோர் கண்ட சாட்சி தாது வருடப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் தென்னிந்தியாவின் பிற பகுதிகளையும் அது வாட்டியது. இறந்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். மழை பொய்த்தது உண்மை. ஆனால் அதே காலத்தில் இந்தியாவிலிருந்து தானியக் கப்பல்கள் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. சந்தையில் அரசு தலையிடக் கூடாது என்பது அன்றைய ஆட்சியாளரின் கொள்கை. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு, சர் ரிச்சர்டு டெம்பிள் 1877-இல் வகுத்த திட்டப்படி, நாள் முழுதும் மண் சுமந்தாலும் ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியமும் சிறிது காசும்தான் கூலி. சென்னையிலிருந்து போகும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி இப்படிப் பசித்த கைகளால் வெட்டப்பட்டது. இந்தப் பேரழிவுக்குப் பிறகுதான் 1880-இல் பஞ்ச ஆணையம் அறிக்கை தந்தது. தொடர்ந்து பஞ்ச விதித்தொகுப்புகள் வந்தன. விலை ஏறுகிறதா, மக்கள் ஊரைவிட்டு அலைகிறார்களா என்று முன்கூட்டியே அறிகுறிகளைப் பார்த்து அதிகாரிகள் செயல்பட வேண்டும் என்று அவை கூறின. ஆனாலும் 1943-இல் வங்காளத்தில் மீண்டும் இலட்சக்கணக்கானோர் மாண்டார்கள். தானியம் அடியோடு இல்லாமற்போனதைவிட, ஏழைகளால் அதை வாங்க இயலாமற்போனதே அந்தச் சாவுகளுக்குப் பெரிய காரணம் என்று அமர்த்தியா சென் 1981-இல் தம் நூலில் விளக்கினார்.

விடுதலைக்குப் பின்னும் நாம் உடனே கரையேறிவிடவில்லை. 1960-களின் நடுவில் அமெரிக்கக் கோதுமைக் கப்பல் வந்தால்தான் உணவு என்ற நிலை. அந்தச் சூழ்நிலையில், தமிழரான சி.சுப்பிரமணியம் உணவு அமைச்சராக இருந்தபோது, 1965 சனவரி 14 அன்று இந்திய உணவுக் கழகம் தொடங்கியது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் நம் தஞ்சாவூரில்தான் திறக்கப்பட்டது. தலைமையகமும் தொடக்கத்தில் சென்னையில் இருந்தது. ஆண்டின் நான்கு நாள்களில் கிடங்குகளில் எவ்வளவு இருப்பு இருக்க வேண்டும் என்று அரசு அளவு வகுத்திருக்கிறது. 2015-இல் திருத்தப்பட்ட அளவின்படி சூலை முதல் நாளில் 411 லட்சம் டன்னும், அக்டோபர் முதல் நாளில் சுமார் 308 லட்சம் டன்னும் அரிசியும் கோதுமையுமாக இருக்க வேண்டும். இதில் 50 லட்சம் டன் அவசரக் கையிருப்பு. பார்வோனின் ஐந்தில் ஒன்றைப் போல, இதுவும் நிறைவான காலத்தில் எடுத்து வைப்பதுதான்.

ஆனால் களஞ்சியம் நிறைந்திருந்தால் போதுமா? 2002-ஆம் ஆண்டின் நடுவில் நாட்டின் கிடங்குகளில் 6 கோடி டன்னுக்கும் மேல் தானியம் இருந்தது. இடமில்லாமல் வெட்டவெளியிலும் அடுக்கி வைத்தார்கள். அதே காலத்தில் ஒடிசா, இராசசுத்தான் போன்ற இடங்களிலிருந்து பசிச் சாவுச் செய்திகள் வந்துகொண்டிருந்தன. கிடங்கு நிறைந்திருக்க மக்கள் எப்படிப் பட்டினி கிடக்கலாம் என்று கேட்டுத்தான் மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2001-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த வழக்கில்தான், நம் மாநிலத்தில் ஏற்கெனவே நடந்துவந்த பள்ளி மதிய உணவைப் போல எல்லா மாநிலங்களிலும் சமைத்த உணவு தர வேண்டும் என்று 2001 நவம்பரில் ஆணை வந்தது. பிறகு 2013-இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2009-இல் ‘உண்மையில் அன்பு’ என்ற சுற்றுமடலில் இதையே குறிப்பிட்டார்: பசிக்குக் காரணம் பொருள்களின் பற்றாக்குறை என்பதைவிட, அவற்றைக் கொண்டுசேர்க்கும் அமைப்புகளின் பற்றாக்குறையே.

இங்கே யோசேப்பின் கதைக்குத் திரும்ப வேண்டும். ஏனெனில் மறையுரைகளில் நாம் பெரும்பாலும் 41-ஆம் அதிகாரத்தோடு நிறுத்திவிடுகிறோம். 47-ஆம் அதிகாரத்தை வாசிப்பதில்லை. பஞ்சம் நீண்டபோது மக்கள் முதலில் பணத்தைக் கொடுத்துத் தானியம் வாங்கினார்கள். பணம் தீர்ந்ததும் ஆடுமாடுகளைக் கொடுத்தார்கள். அதுவும் தீர்ந்ததும் நிலத்தையும் தங்களையுமே பார்வோனுக்கு விற்றார்கள். உயிர் பிழைத்தார்கள், ஆனால் அடிமைகளாகப் பிழைத்தார்கள். குருக்களின் நிலத்தை மட்டும் யோசேப்பு வாங்கவில்லை, அவர்களுக்குப் பார்வோனிடமிருந்து தனிப்படி வந்துகொண்டிருந்தது என்கிறது அந்தப் பகுதி (தொநூ 47:22). குருவான நாம் சற்றுக் கூச்சத்தோடு வாசிக்க வேண்டிய வசனம் அது! அடுத்த நூலைத் திறந்தால், அதே எகிப்தில் இஸ்ரயேல் மக்கள் சவுக்கடி வாங்கிக்கொண்டு பித்தோம், இராம்சேசு என்னும் களஞ்சிய நகர்களைக் கட்டுகிறார்கள் (விப 1:11). உயிர் காத்த களஞ்சியம், சில தலைமுறைக்குள் அடிமைத்தனத்தின் சின்னமாகிவிட்டது. சாவி யாரிடம் இருக்கிறது, உரிமையாகத் தருகிறார்களா அல்லது விலைபேசித் தருகிறார்களா என்பதைப் பொறுத்து எல்லாமே மாறிவிடுகிறது.

அந்த நாட்டைவிட்டு வெளியே வந்த மக்களுக்குக் கடவுள் பாலைநிலத்தில் வேறொரு பாடம் நடத்தினார். மன்னா ஆளுக்கு ஓர் ஓமர் அளவு. அதிகம் சேர்த்தவனுக்கு மிஞ்சவில்லை. குறையச் சேர்த்தவனுக்குக் குறையவில்லை. மறுநாளைக்கு மீத்து வைத்தவர்களுடையது புழுத்து நாறியது. இதைச் சொல்லி, பார்த்தீர்களா, சேமிக்கக் கூடாது என்பவர்கள் அதே அதிகாரத்தை இன்னும் சில வரிகள் வாசிக்க வேண்டும். ஆறாம் நாளில் இரண்டு நாளுக்கு உரியதைச் சேர்க்கும்படி கடவுளே சொன்னார். அது கெடவில்லை (விப 16:22-24). வரப்போகிற நாளை அறிந்து, தேவையான அளவு எடுத்து வைப்பது அவர் தந்த ஒழுங்கு. அதற்கு மேல் போனால்தான் புழு.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை ஒன்றை நன்றியோடு சொல்ல வேண்டும். 1997-இல் மத்திய அரசு வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என்று அட்டைகளைப் பிரித்தபோதும், நம் மாநிலம் எல்லோருக்கும் பொதுவான விநியோகத்தை விட்டுவிடவில்லை. 2011 சூன் முதல் அரிசி அட்டைக்கு அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. 2020 மார்ச்சு 24 இரவு எட்டு மணிக்கு ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது மக்களுக்குக் கிடைத்தது நான்கு மணி நேரம். அப்போது ஏப்ரல் மாதத்தில் அட்டைக்கு ஆயிரம் ரூபாயும் அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய்யும் தர முடிந்ததற்குக் காரணம், தெருக்கோடிவரை கடைகள் ஏற்கெனவே இருந்ததுதான். நெருக்கடி வந்த பிறகு அப்படியோர் ஏற்பாட்டை உருவாக்கியிருக்க முடியாது.

ஆனால் அந்த நாள்களில் பட்டியலில் இல்லாதவர்கள் யார் என்பதும் தெரிந்தது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கட்டட வேலைக்கும் பின்னலாடை வேலைக்கும் வந்திருந்த சகோதரர்களின் அட்டை அவர்களுடைய ஊரில் இருந்தது. வயிறோ இங்கே இருந்தது. ‘ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை’ திட்டம் நம் மாநிலத்தில் 2020 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுபோல டெல்டா மாவட்டங்களில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களுக்கு வெளியே, தார்ப்பாய் போதாமல், மழையில் நனைந்து நெல் முளைவிடுகிற காட்சியும் நமக்குப் புதிதல்ல. யோசேப்பு களஞ்சியத்தைப் பஞ்சத்துக்கு முன்பே கட்டினார். நாம் நெல் முளைத்த பிறகு கூரையைப் பற்றிப் பேசுகிறோம். இதைக் கேட்பது அரசியல் அன்று, குடிமக்களின் கடமை. கிராமசபையில் கேட்கலாம், மனுவாகக் கொடுக்கலாம்.

அண்டை நாடான இலங்கையில் நடந்ததும் நினைவிருக்கும். 2021-இல் இரசாயன உரங்களுக்குத் திடீரென்று தடை வந்தது, விளைச்சல் சரிந்தது. அந்நியச் செலாவணியும் கரைந்து, 2022-இல் பால்மாவுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். அந்த ஆண்டு மே மாதம் தமிழ்நாடு அரிசியும் பால்மாவும் மருந்துகளும் கப்பலில் அனுப்பியது. ஒரு நல்ல அரசாங்கத்தின் களஞ்சியம் எல்லையோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு அது நம் காலத்துச் சான்று. அந்தியோக்கியாத் திருச்சபை செய்ததும் இதுதான். பெரும் பஞ்சம் வரப்போகிறது என்று அகபு இறைவாக்குரைத்தார். உடனே சீடர்கள் ஒவ்வொருவரும் அவரவர் வசதிக்கேற்ப, யூதேயாவில் வாழ்ந்த சகோதரர்களுக்கு உதவி அனுப்பத் தீர்மானித்தார்கள் (திப 11:27-30). பஞ்சச் செய்தி கேட்டதும் தங்கள் வீட்டுப் பானையை மட்டும் நிரப்பிக்கொண்டிருந்தால் அவர்களை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இத்தனைக்கும் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதலில் வழங்கியது அந்த ஊரில்தான்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். அரசு எவ்வளவு சிறப்பாகச் செயல்பட்டாலும், முதல் சில நாள்களுக்கு அது நம் வாசலை எட்ட முடியாது. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் சூழ்ந்தபோது பால் பாக்கெட் பலமடங்கு விலைக்கு விற்றது. பணம் எடுக்கும் எந்திரங்களும் வேலை செய்யவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கசா புயல் கரையைக் கடந்த பிறகு, பல சிற்றூர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லையென்றால் மாவு அரைக்க முடியாது, மோட்டார் ஓடாது, குடிநீர் வராது. அரிசி இருந்தும் சமைக்க வழியில்லாமல் போகும். இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

நம் பாட்டிமார்களுக்கு இது தெரிந்திருந்தது. குதிரும் பத்தாயமும் குலுக்கையும் வீட்டில் இருந்தன. வற்றல், வடகம், கருவாடு, உப்பிலிட்ட மாங்காய் எல்லாம் கோடையில் செய்து மழைக்கு வைத்தவை. இன்று குதிருக்கு இடமில்லை. ஆனால் கணக்கு எளிதுதான். ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி என்றால், நால்வர் உள்ள வீட்டுக்கு இரண்டு வாரத்துக்கு 22 கிலோவுக்குச் சற்று அதிகம். பருப்பு மூன்று கிலோ, எண்ணெய் ஒன்றரை லிட்டர், உப்பு, புளி, மிளகாய். அடுப்பு மூட்ட முடியாத நாளுக்கு அவல், பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், சத்துமாவு. குடிக்க மட்டும் ஆளுக்கு மூன்று லிட்டர் வீதம் மூன்று நாளுக்குத் தண்ணீர், மூடியுள்ள குடங்களில். கைக்குழந்தை இருந்தால் அதற்குரிய பால்மாவு. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஒரு மாத மாத்திரை. தீப்பெட்டியும் மெழுகுதிரியும் நனையாத டப்பாவில். குடும்ப அட்டையின் நகல், கொஞ்சம் சில்லறை நோட்டு. ஒரே சிலிண்டர் உள்ள வீட்டில், மூன்று செங்கல்லும் ஒரு கட்டு காய்ந்த விறகும் இருந்தால்கூடப் பெரிய உதவி. அதை மூடிய அறைக்குள் மட்டும் பற்றவைக்கக் கூடாது. அரிசியில் வண்டு வராமலிருக்கக் காய்ந்த வேப்பிலையோ வசம்போ போதும். புதிதாக வாங்குவதை அடியில் வைத்துப் பழையதை முதலில் சமைத்தால் எதுவும் வீணாகாது. ஒரே நாளில் இவ்வளவையும் வாங்க வேண்டியதில்லை. மாதச் சாமான் வாங்கும்போது இரண்டு கிலோ கூட வாங்கினால், ஓர் ஆண்டுக்குள் சேர்ந்துவிடும்.

ஆனால் இதைச் செய்ய முடியாதவர்களும் நம் பங்கில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழில் அன்றாடங்காய்ச்சி என்று ஒரு சொல் உண்டு. அன்றைய கூலியில் அன்றைய உலை. அன்றாட உணவைக் கேட்கும் செபத்தை நாம் பழக்கத்தால் சொல்கிறோம், அவர்கள் உள்ளபடியே சொல்கிறார்கள். புயல் வருகிறது என்று தொலைக்காட்சியில் சொன்ன அன்று மாலை, மாதச் சம்பளக்காரரான நாம் கடைக்குப் போய் ரொட்டியையும் பாலையும் மெழுகுதிரியையும் அள்ளி வந்துவிட்டால், இரவு ஏழு மணிக்குக் கூலி வாங்கிக்கொண்டு வருகிற அவருக்குக் கடையில் என்ன மிஞ்சும்? நாம் ஆவணியிலேயே வாங்கி வைத்திருந்தால், அன்று அவருக்காக அந்தக் கடை இருக்கும். ஆகவே, வசதியுள்ளவர்கள் முன்கூட்டியே சேமிப்பது விசுவாசக் குறைவு அன்று என்பது மட்டுமல்ல, அது பிறரன்புச் செயலும்கூட.

திருச்சபையின் மரபில் இதைப் புனித பசிலியாரைவிடக் கடுமையாகச் சொன்னவர் இல்லை. 368, 369-ஆம் ஆண்டுகளை ஒட்டி, இன்றைய துருக்கியிலுள்ள கப்பதோக்கியாவின் செசரியாவில் கொடிய பஞ்சம். கடலிலிருந்து தொலைவான உள்நாட்டு நகர் என்பதால் கப்பலில் உணவு வர வழியில்லை. வணிகர்களோ விலை இன்னும் ஏறட்டும் என்று கிடங்குகளைப் பூட்டி வைத்தார்கள். அப்போது ஆயராகக்கூட ஆகாமல் குருவாக இருந்த பசிலியார், லூக்காவின் அறிவற்ற செல்வனைப் பற்றியே மறையுரை ஆற்றினார். உன் பேழையில் தேவைக்கு மேல் கிடக்கும் அப்பம் பசித்தவனுக்குச் சொந்தமானது என்பது அவர் போதனையின் சாரம். பேச்சோடு நிற்கவில்லை. கிடங்குகளைத் திறக்கவைத்து, பெரிய கொப்பரைகளில் பயற்றுக் கஞ்சி காய்ச்சி, இடுப்பில் துணி கட்டிக்கொண்டு தாமே பரிமாறினார். அவருடைய நண்பர் நசியான்சு கிரகோரியார் தம் இரங்கல் உரையில் இதை விவரித்திருக்கிறார். இரண்டாம் வத்திக்கான் சங்கமும் ‘இன்றைய உலகில் திருச்சபை’ ஏட்டின் 69-ஆம் எண்ணில், பசியால் சாகிறவனுக்கு உணவு தராதவன் அவனைக் கொன்றவன் ஆகிறான் என்ற திருச்சபைத் தந்தையரின் எச்சரிக்கையை நினைவூட்டுகிறது.

கொப்பரை என்றதும் நம் பங்குகளின் அசனம் நினைவுக்கு வருகிறது. அந்தோணியார் திருவிழா, சவேரியார் திருவிழா என்று ஆயிரம் பேருக்குச் சோறு ஆக்குகிற அண்டாக்களும் கரண்டிகளும், அடுப்பு கூட்டத் தெரிந்த ஆள்களும் நம்மிடம் இருக்கிறார்கள். 2004 சுனாமியின்போது கடலோரப் பங்குகள் பலவற்றில் ஆலயமும் பள்ளியும் தங்குமிடமும் சமையற்கூடமுமாக மாறியதை மறக்க முடியாது. வேறு எந்த அமைப்புக்கும் எளிதில் கிடைக்காத ஆயத்தம் இது. ஆண்டுக்கு ஒருமுறை விழாவுக்கு மட்டுமே என்று அதைப் பூட்டி வைத்திருக்கிறோம். தவக்காலத்தில் சில பங்குகளில் வீட்டுக்கு வீடு பிடி அரிசி சேர்க்கிறார்கள். மிசோரமில் பிரஸ்பிட்டேரியன் சபையினர் ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கும் வழக்கத்தை நூறாண்டுக்கும் மேலாகக் கடைப்பிடிக்கிறார்கள். அந்தச் சகோதரிகளிடம் நாம் கற்றுக்கொள்ளலாம். அப்படிச் சேரும் அரிசியில் நான்கைந்து மூட்டையை அக்டோபர் தொடங்கி சனவரி முடியும்வரை பங்கில் இருப்பு வைத்து, பிறகு வின்சென்ட் தே பவுல் சபையின் வழியாகப் பகிர்ந்தளித்துவிட்டால், அரிசியும் கெடாது, மழைக்காலமும் கடந்திருக்கும்.

அன்பியங்களுக்கு ஒரு வேலை. தங்கள் தெருவில் தனியாக வாழும் முதியோர், படுக்கையில் இருப்போர், கைக்குழந்தை உள்ள வீடுகள், குடும்ப அட்டை இல்லாதோர், வாடகை அறையில் தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர் ஆகியோரை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். அவர் எந்த மதம், பங்குக்குச் சந்தா கட்டுகிறாரா என்ற பத்தி அந்தத் தாளில் வேண்டாம். சாரிபாத்துக் கைம்பெண் எலியாவின் மதத்தைச் சேர்ந்தவர் அல்லர் (1 அர 17). ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, வெள்ளம் வந்தால் அந்த வீட்டுக்கு முதலில் போகிறவர் யார் என்பதையும் எழுதுங்கள். தாளின் ஒரு படி ஊராட்சித் தலைவரிடமோ வார்டு உறுப்பினரிடமோ இருக்கட்டும். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை அண்டாக்களை எடுத்துத் துலக்கி, ஓட்டை இருந்தால் அடைத்து வைப்பது நல்லது. அந்த அறையின் சாவி எங்கே இருக்கிறது என்பது பங்கில் குறைந்தது மூன்று பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். பங்குத்தந்தை தியானத்துக்கு வெளியூர் போயிருக்கும் வாரத்திலும் புயல் வரலாம்.